பாகம் பிரிக்காதது

கெத்தினுக்கு முப்பத்தெட்டு.
ரோமம் கத்தரிக்கும் நாளில்
மூன்றாவது ஆட்டின் மேலேயே சாய்ந்தார்.
ஆடு பாதி ரோமத்தோடு ஓடிப்போயிற்று.
மருத்துவமனைக் கட்டிலில் கண் திறந்து
முதலில் கேட்டது அதைத்தான்:
மீதியை யாராவது எடுத்தார்களா?

நான் டாக்டர் இல்லை, நர்ஸ்.
நெஞ்சைத் திறந்தவர்கள் கை கழுவிப் போன பிறகு
என் வேலை தொடங்குகிறது.
வேல்ஸ் மலைச்சரிவில்
ஒரு வண்டி போகும் அகலமே உள்ள சாலைகளில்
பால் லாரிக்குப் பின்வாங்கி வழிவிட்டு
ஒரே குடும்பத்தின் அடுக்களை அடுக்களையாகப் போவது.

என் கார் சத்தம் கேட்டதும்
வெண்ணெய்க் கிண்ணம் அலமாரிக்குள் ஒளிகிறது.
ஒளிக்காதீர்கள் ஹெய்ல்வென்,
இது உங்கள் மகன் தின்று சேர்த்த கொழுப்பு அல்ல.
பிறக்கும்போதே ரத்தத்தில் எழுதி வந்தது.
அவள் நம்பவில்லை.
ஆனாலும் ரொட்டிக்கு வெண்ணெய் தடவினாள், எனக்கு மட்டும்.

தாளை விரித்தேன்.
ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம்,
இறந்தவர்மேல் ஒரு சாய்கோடு.
மாமனார் மெரெதித், நாற்பத்து நான்கு,
டிராக்டரில்; இன்ஜின் மாலைவரை ஓடிக்கொண்டிருந்ததாம்.
அவர் தங்கை நெஸ்ட், ஐம்பத்தொன்று,
ஏக்கத்திலே போனாள்.
என் புருஷனா, உழைத்தே செத்தான்.
ஒவ்வொரு சாவுக்கும் தனியே ஒரு கதை இருந்தது.
என் கோடுகளோ
எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன.

கதவோரம் கெத்தினின் பூட்ஸ்.
குதிகால் படும் இடத்தைக் கத்தியால் அறுத்துவிட்டிருந்தார்.
எந்த ஜோடியும் அங்கேதான் கடிக்கும் என்றார்.
தொட்டுப் பார்த்தேன்:
குதிநரம்பு, தாம்புக்கயிறு போல.

வேறு பிள்ளைகள்?
ஹெய்ல்வென் கெட்டிலைப் பார்த்தாள்.
கெத்தின் ஜன்னலைப் பார்த்தார்.
ஜன்னலுக்கு வெளியே ஒரு கற்சுவர்.
அதற்கு அப்பால் புகைபோக்கி, புகை.

அண்ணன் ஈவன்.
பேச்சு நின்று பதினோரு வருஷம்.
நாலடி நிலம்; கோரை தவிர எதுவும் முளைக்காத ஈர நிலம்.
அதற்கு இரண்டு வக்கீல், ஒரு சர்வேயர்.

அவருக்கும் இருக்கலாம், பாதிக்குப் பாதி, என்றேன்.
பூவா தலையா மாதிரி.
அவர் பிள்ளைக்கும்.
அப்பா எல்லாவற்றையும் பிரித்துத்தானே கொடுத்தார்
என்றார் கெத்தின்.
பிரிக்காமல் விட்டது இது ஒன்று, என்றேன்.
சொல்லியிருக்கக் கூடாது.

விதிப்படி அந்தக் கதவை நானாகத் தட்ட முடியாது.
கடிதம் எழுதலாம்; பங்காளி கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும்.
முதல் வாரம் போன் செய்தேன்: மழை.
மூன்றாம் வாரம்: புல் அறுப்பு.
ஆறாம் வாரம் எடுக்கவே இல்லை.
என் மேசையில் இப்படி நின்றுபோன மரங்கள்
இன்னும் பதினேழு உண்டு.

செப்டம்பரில் ஒரு செவ்வாய், கிளினிக் திறக்கும் முன்பே
ஒரு மனிதர், கூட ஒன்பது வயதுப் பெண்.
கையில் என் கடிதம்; நனைந்து காய்ந்து
நடுவில் ஒரு கல்லின் அச்சு.
சுவர்மேல் இருந்தது, என்றார்.
கல்லுக்கு அடியில்.
யார் வைத்தார்கள் என்று அவரும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
அவர் பூட்ஸைப் பார்த்தேன்.
பின்பக்கம் அறுத்திருந்தது.

மாப்லி ஊசியைப் பார்த்தபடியே கை நீட்டினாள்.
தடித்த நரம்பு இருக்கிறதா என்று
தன் குதிகாலைத் தானே கிள்ளிப் பார்த்தாள்.
உனக்கு இருந்தால் இப்போதே தெரிவது நல்லது,
ராத்திரி ஒரு மாத்திரை, அவ்வளவுதான், என்றேன்.
அவ்வளவுதான் இல்லை என்பது
எனக்கும் அவள் அப்பாவுக்கும் தெரியும்.

போகும்போது வாசலில் திரும்பினார்.
ஜூனில் ஒரு ஆடு சுவர் தாண்டி வந்தது.
பாதி ரோமத்தோடு.
மீதியை நான்தான் எடுத்துத் திருப்பி விட்டேன்.
அவனிடம் சொல்லிவிடாதீர்கள்.

சொல்லமாட்டேன்.
ரகசியம் காப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
ஆனால் தாளை விரித்தால்
இதை எங்கே குறிப்பதென்று தெரியவில்லை.
மாப்லியின் வட்டம் இன்னும் வெறுமையாக இருக்கிறது.
முடிவு வெள்ளிக்கிழமை வரும்.