ஒரு கட்டத்தில் மட்டும் குறியிடவும்

படிவத்தில் ஏழாவது கேள்வி:
பயிர் அழிந்ததற்குக் காரணம்.
வறட்சி. வெள்ளம்.
ஒரு கட்டத்தில் மட்டும் குறியிடவும்.

ஷிரே ஆறு விட்டுப்போன சேற்றில்
கணுக்கால் புதைய நிற்கிறாள் ஃபலேசி.
நான் பேனாவைத் திறந்துகொண்டு நிற்கிறேன்.

"நவம்பரில் விதைத்தேன், கரையான் தின்றது.
ஆட்டை விற்று மறுபடி விதைத்தேன்.
முழங்கால் உயரம் வந்து
இலையைச் சுருட்டிக்கொண்டு நின்றது,
அடி வாங்கப்போகும் பிள்ளை மாதிரி.
மூன்றாம் விதை கடன். அதை எழுதிக்கொள்."

எழுதினேன்.

மக்காச்சோளம் பூத்திருக்கிறது.
உச்சியில் தாது கொட்டிய நாட்களில்
இடுப்பில் பட்டுநூல் வெளிவரவில்லை.
வந்தபோது மேலே கொட்ட ஒன்றுமில்லை.
இருபத்திரண்டு நாள்
கழுவிக் கவிழ்த்த தட்டாய் வானம்.
கூரைச் செருகலிலிருந்து ஒரு கதிரை எடுத்து உரித்துக் காட்டினாள்.
பல் விழுந்த வாய்.
எண்ணினேன், பதினொரு மணிகள்.

பிறகு வானொலி ஒரு பெயர் சொன்னதாம்.
கடலுக்கு அந்தப் பக்கம் யாரோ வைத்த பெயர்,
ஞானஸ்நானத்துக்கு வைப்பதுபோல அழகாக.
"மழை என்றதும் சிரித்தேன்.
பானையை வெளியே வைத்தேன்.
இரண்டாம் இரவு பானை இல்லை. சுவர் இல்லை."
அவள் கணவன் லைசன் மாமரத்தில் மூன்று நாள்.
கீழ்க்கிளையில் ஒரு பாம்பு.
அதுவும் பயந்துதான் இருந்தது என்கிறான்,
அதற்குமேல் எதுவும் சொல்வதில்லை.

"எது என்று குறியிட?"

"வெயில் கொன்றது.
வெள்ளம் பிணத்தைத் தூக்கிப்போனது.
நீ யார்மேல் வழக்குப் போடுவாய்?"

இரண்டு கட்டத்திலும் குறியிட்டால்
அலுவலகக் கணினி ஏற்காது.
போன வாரம் பதினான்கு படிவங்கள்
சிவப்புக்கோட்டோடு எனக்கே திரும்பி வந்தன.
அதை அவளிடம் சொல்லவில்லை.

அவள் இதற்குள் குனிந்துவிட்டாள்.
குச்சியால் சேற்றில் குழி,
குழிக்கு ஒரு சர்க்கரைவள்ளிக் கொடி.
வண்டல் காய்வதற்குள் முடிக்கவேண்டும்.
நடுவே, யாரும் போடாத ஒரு பூசணிக்கன்று,
விதைத்தோலை இன்னும் தலையில் சுமந்தபடி.

"மேட்டில் யாருடையதோ.
அவர்கள் இழந்தது எனக்கு வந்திருக்கிறது.
அதற்கு உன் தாளில் இடம் உண்டா?"

இல்லை.
காலில் ஈரம் இருந்ததால்
வெள்ளம் என்று குறியிட்டேன்.
வேறு காரணம் சொல்லத் தெரியவில்லை.

எட்டாவது கேள்வி:
குடும்பத்தில் எத்தனை பேர்?

குச்சி நின்றது.
"இப்போதா?" என்றாள்.