அளவு நாடா

ஷெஃபீல்டில் இது நான்காவது அறை.
டெஸ்னி ஜன்னலைப் பார்க்கிறாள்.
அவள் அம்மா ஹெயில்வென் வாடகைச் சீட்டை.
கம்பளம் போடுகிறவன் நான்,
தரையைப் பார்க்கிறேன்.

வாரம் நூற்று அறுபத்திரண்டு பவுண்ட்.
ஏழு பேருக்கு ஒரு சமையலறை.
ஃப்ரிட்ஜில் யாரோ ஒரு சீஸ் கட்டிமேல்
‘தொட்டால் தொலைந்தாய்’ என்று ஒட்டியிருந்தார்கள்.

நாடாவை இழுத்தேன்.
கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே
பக்கவாட்டில்தான் ஒரு ஆள் நிற்கலாம்.
“ஜெயில்கூட இதைவிடப் பெரிசு” என்றேன்,
சாவிக்காரப் பையன் காதில் விழும்படி.

“அப்பா, நீ வேனில் இரு.”

இருந்தேன். மழை.
முன்பணம் கட்டிய ரசீதோடு வந்தாள்.
வேல்ஸ் எல்லை வரை பேச்சில்லை,
ஹெயில்வென் மிட்டாய்த் தாள் பிரிக்கும் சத்தம் மட்டும்.

இரவு டெஸ்னி வெளியே கிளம்பியதும்
அவள் அறைக்குள் போய் மண்டியிட்டேன்.
ஊரார் வீடெல்லாம் அளந்தவன்,
பதினெட்டு வருடத்தில்
இங்கே இதுதான் முதல் முறை.

ஷெஃபீல்டைவிட ஒன்றேகால் அடி குறைவு.

மறுபடி அளந்தேன்.
கட்டிலை நகர்த்தி அளந்தேன்.

குடையை மறந்து திரும்பி வந்தவள்
கதவில் நின்று கேட்டாள்:
“என்னப்பா பண்ற?”

நாடா சுருண்டு விரலைக் கடித்தது.

“கம்பளம் பழசாயிடுச்சு” என்றேன்.