தலை மாற்றியவன்

தை முழுக்க என் வண்டிக்குப் பழைய தலைதான்.
உள்ளே ஓர் இரும்புத் திருகு,
இரண்டு பக்கமும் வாரி இழுத்து
நடுவில் திணிக்கும்,
பந்திக்கு முந்தியவன் கை மாதிரி.
நெல்லுக்கு அது போதும்.
நெல் அடி வாங்கிப் பழகியது.

உளுந்து அப்படியில்லை.
போன மாசியில், சிறுவயல் கண்மாய்க்குக் கீழே
அடைக்கப்பனின் ஒன்றரை ஏக்கர்.
பனி காய்ந்ததும் கறுத்த நெற்று
தொட்டால் வெடிக்கும்.
திருகு இழுத்த இழுப்பில்
பாதி மணி தரையில்.
அவர் குனிந்து ஒரு பிடி அள்ளி
என் சட்டைப் பையில் போட்டார்.
"கூலியில கழிச்சுக்க" என்றார்.
திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.

அந்தப் பிடியோடுதான் ஆத்தூருக்குப் பஸ் ஏறினேன்.
யாரோ கட்ட முடியாமல் விட்ட டிரேப்பர் ஹெட்,
பதினெட்டுத் தவணை, முதல் தவணை கையோடு.

திருகு இல்லை இதில்.
பதிலுக்கு ஓடுகிற துணி,
ரப்பர் பூசிய கான்வாஸ்.
கத்தி அறுத்ததும் செடி அதன்மேல் சாயும்.
யாரும் யாரையும் இடிக்காமல்
நடுவுக்கு வந்து
வாய்க்குள் போகும்.

இடது பட்டையில் ஒரு சாண் கிழிசல்.
காரைக்குடி பஸ் ஸ்டாண்டு ஓரம்
செருப்புத் தைக்கும் சூசை
புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.
"இம்புட்டுப் பெரிய காலுக்கு நான் தச்சதில்லையே."
தைத்துக் கொடுத்தார். இருநூறு ரூபாய்.
ரசீது கேட்டேன். சிரித்தார்.

பேராசையில் நெல்லுக்கும் இதையே மாட்டிக்கொண்டு போனேன்.
நெற்குப்பை,
பேரிலேயே அம்பாரம் போட்டிருக்கும் ஊர்.
மழையில் படுத்த பயிர் சேறோடு ஏறியது.
ஈரத்தில் துணி நின்றுவிட்டது,
ரோலர் மட்டும் சுற்றுகிறது,
பாட்டு மறந்தவன் வாயசைப்பதைப் போல.
வைரவன் இறங்கி
இழுவைத் திருகாணியை இரண்டு சுற்று முறுக்கினான்.
"மாமா, இது உளுந்து வீட்டுப் பொண்ணு.
நெல்லு வீட்டுல வாழுமா?"
பதில் சொல்லாமல் சேற்றை வழித்தேன்.
சாயங்காலம் வரை வழித்தேன்.

குதிரைவாலிக்குப் பரவாயில்லை.
ரீலை மெல்லச் சுற்றவிட வேண்டும்,
அவசரப்பட்டால் கதிர் பறந்து கண்ணில் விழும்.
கல்லலில் ஒருவர் கடலைக்குக் கேட்டார்.
மண்ணுக்கடியில் ஒளிந்திருப்பதற்கு
நான் எந்தத் தலையை மாட்டுவது?

இன்றைக்கு மறுபடி மாசி.
மறுபடி அடைக்கப்பன் வயல்.
மூன்றாவது சுற்றில் கத்தியில் கருவேலங்கொம்பு.
இறங்கி, துணிமேல் குப்புறச் சாய்ந்து,
பிடுங்கி எறிந்துவிட்டு ஏறினேன்.
பட்டையை ஓடவிட்டால்
செடிகளுக்கு நடுவே
என் போன் வருகிறது.
மல்லாந்து படுத்து,
திரை மினுங்க,
பல்லக்கில் வருவதைப் போல.

கிளட்சை அமுக்கினேன்.
வாய்க்கு ஒரு முழம் முன்னால் நின்றது.
ஒரு கீறல் இல்லை.
பழைய திருகாயிருந்தால்
உளுந்தோடு உளுந்தாய்ச் சிம் கார்டு மூட்டைக்குப் போயிருக்கும்.
வைரவன் எடுத்துத் துடைத்து,
பேரைப் படித்து,
ஒன்றும் சொல்லாமல் நீட்டினான்.
ஆத்தூர் பைனான்ஸ்.

"சார், ஏழாவது தவணை, இன்னிக்குக் கடைசி நாள்."
"தெரியும்மா."
"எங்க சார் இருக்கீங்க?"
"உங்க துணிக்குப் பக்கத்துலதான்."
அவளுக்குப் புரியவில்லை.
சாயங்காலத்துக்குள் கட்டிவிடச் சொன்னாள்.
சாயங்காலத்துக்குள் இந்த வயல் முடியும்,
கூலி வரும்,
வந்தால்.

இஞ்சினை நிறுத்தியதும்
கண்மாய்க்கரைத் தவிட்டுக்குருவிச் சத்தம்.
அடைக்கப்பன் வரப்பிலிருந்து இறங்கி
அறுத்த இடத்தில் உட்கார்ந்து
தாளை விலக்கி விலக்கித்
தரையைப் பார்க்கிறார்.
ஒன்றை எடுக்கிறார்.
இன்னொன்று.
விரல் அங்கேயே நிற்கிறது.

நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
என் சட்டைப் பைக்கு
இன்னும் பொத்தான் தைக்கவில்லை.