எட்டுத் துளைப் பெட்டி

மூவாயிரம்.
மேலே போனால் உன் சம்பளத்தில் என்று
ஹஸ்முக் சேட்டு சிரித்தார்.
சிரித்தால் நிஜமென்று அர்த்தம்.

லேமிங்டன் ரோட்டில் ஜூலை.
சல்வாரை முட்டிவரை தூக்கிக்கொண்டு
மூன்று கடை ஏறினேன்.

முதல் கடையில் காட்டியது
தனக்கென்று பாஸ்வேர்டு வைத்திருக்கும் சுவிட்ச்.
யார் எங்கே போனார்கள், எத்தனை நிமிஷம்,
எல்லாம் எழுதி வைக்குமாம்.
அதற்கு எங்களிடம் சாவந்த் இருக்கிறார் என்றேன்.
கடைக்காரருக்குப் புரியவில்லை.

இரண்டாவதில்
கம்பியே வேண்டாம் மேடம் என்றார்கள்.
மஸ்ஜித் பந்தரில் எங்கள் ஆபீஸ் சுவரை
அவர்கள் பார்த்ததில்லை.
இரண்டு முழக் கருங்கல்.
அந்தப் பக்கத் தும்மல் இந்தப் பக்கம் வராது.

மூன்றாவதில் இர்ஃபான், காதில் பேனா.
எத்தனை கம்ப்யூட்டர்?
ஆறு. அப்புறம் ஒரு பிரிண்டர்.
அப்போ எட்டுத் துளை எடுங்க தீதி,
ஒண்ணு சும்மா கிடக்கட்டும்.

தகர உடம்பு. விசிறி கிடையாது.
செருகினால் வேலை செய்யும்,
பிடுங்கினால் நிற்கும்,
கேள்வி கேட்காது.
ஆயிரத்து நூறு ரூபாய்.
அறுபது மீட்டர் கேபிளைக் கைவீசி அளந்தான்.
கிரிம்பர் மட்டும் இரவல்,
என் குடையைப் பிணையாக வாங்கிக்கொண்டு.

நனையாமல் வந்தது சுவிட்ச் மட்டும்.

சனிக்கிழமை சாயங்காலம்
தரையில் உட்கார்ந்து முறுக்குப் பிரித்தேன்:
வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம்,
வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு.
பல்லால் உரித்ததில் உதட்டில் செம்பு ருசித்தது.

பெர்பெத்துவாவின் துளைக்கு மட்டும்
விளக்கு வரவில்லை.
நீலமும் பச்சையும் இடம் மாறி நின்றன.
நுனியை வெட்டி எறிந்துவிட்டு
மறுபடி வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு.

அவளுக்கும் சாவந்துக்கும் பேச்சு நின்று
இரண்டு வருஷம்.
ஏதோ டீக் கணக்கு.
அன்றிலிருந்து அவர் இன்வாய்சும் அவள் திருத்தமும்
என் பென்டிரைவில்தான் பயணம்.
நாளைக்குப் பதினைந்து தடவை,
ஒன்பது தப்படி.

திங்கள் காலை
மூன்றாம் துளையில் பச்சை துடித்தது.
உடனே நான்காவதில்.
திரும்ப மூன்றில்.
இரண்டு பேரும் தலை தூக்கவில்லை.
நான் பாதி எழுந்தவள்
அப்படியே உட்கார்ந்தேன்.

எட்டாவது துளையில்
தூசி போகாமலிருக்க
பில்லைச் சுருட்டிச் செருகியிருக்கிறேன்.
வெளியே விட்டபாடில்லை.
கிரிம்பரைக் கொடுத்துக்
குடையை மீட்கவேண்டும்,
நனைந்துகொண்டேதான் போகவேண்டும்.