கடல்மட்டத்துக்குச் சரி

கோத்தகிரியில் நான் பொய்ப்பல் செய்கிறவன்.
மேல்தாடைக்கு இவ்வளவு, கீழுக்கு இவ்வளவு,
முழு செட் என்றால் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.
ஆனால் என் செலிக்காவுக்கு
ஒரு திருகாணியைக்கூடப் போலியாகப் போட மாட்டேன்.
ரோஸ்லின் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்,
வாய் திறந்து உட்கார்ந்திருப்பவர்களிடமும்.

எழுபத்து நான்காம் வருடத்து வண்டி.
கெங்கரைப் பக்கம் ஒரு எஸ்டேட் கொட்டகையில் கிடந்தது.
ஸ்டியரிங்கைச் சுற்றி மேராக்காய்க் கொடி.
பின்சீட்டில் ஒரு கோழி அடைகாத்தது.
குஞ்சு பொரித்து இறங்கும் வரை காத்திருந்து,
பதினேழு நாள்,
அப்புறம்தான் எடுத்துவந்தோம்.

துரு என்பது சமவெளியில் ஒரு நோய்.
இங்கே அது ஒரு பருவம்.
ஜூலையில் மஞ்சு கதவிடுக்கில் நுழைந்து
சாவகாசமாய்க் கால் நீட்டிக்கொள்ளும்.
கதவின் அடித்தகட்டை விரலால் அழுத்தினேன்,
வர்க்கி மாதிரி நொறுங்கியது.

ஐந்து வருடம்.
நகோயாவில் மொரிதா என்று ஒருவர்.
அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஜப்பான் மொழி தெரியாது,
பார்ட் நம்பர் இருவருக்கும் தெரியும்.
பின்விளக்கின் கண்ணாடி வந்தது.
ஜன்னல் ரப்பர் வந்தது, புதுச் செருப்பு வாசனையோடு.
ரேடியேட்டர் மூடி வந்தபோது
ஊறுகாய் ஜாடியுடையதா என்று கேட்டாராம் கஸ்டம்ஸ்காரர்.
கடைசியாய் வந்தவை நான்கு ஜெட்.
கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் பித்தளை,
ஒரு கடைவாய்ப் பல்லின் வேர் அளவு.
தலையில் எண், தொழிற்சாலையிலேயே அடித்தது.

பழையவற்றைக் கழற்றினேன்.
அதே எண்தான். துளைதான் வேறு.
பூதக்கண்ணாடியில் பார்த்தால்
யாரோ ஈயம் வைத்து அடைத்து
அதைவிடச் சின்னதாய்க் குடைந்திருக்கிறார்கள்.
நான்கும் நான்கு விதக் கோணல்.
அப்போது நான் சொன்ன வார்த்தை
பக்கத்து வீட்டு ஜெபக்கூட்டம் வரை போயிற்று.
ஒரு தீப்பெட்டியில் போட்டுச்
சட்டைப்பைக்குள் திணித்தேன், மொரிதாவுக்குப் படம் எடுத்து அனுப்ப,
பாருங்கள், என்ன செய்து வைத்திருக்கிறார்கள் என்று.

அசல் ஜெட்டோடு கிளம்பினோம்.
வீட்டு வாசலிலேயே லேசாய் இருமியது.
நாற்பது வருடம் படுத்திருந்தது இல்லையா, என்றேன்.
மேட்டுப்பாளையம் தாண்டிக் காரமடை வரை
வெண்ணெய்.
பஸ் ஜன்னலிலிருந்து ஒரு பையன்
பாதி தின்ற கொய்யாவை ஆட்டிக் காட்டினான்.

திரும்பும்போது ஏற்றம்.
குஞ்சப்பனை கடந்ததும் இருமல்.
அடுத்த வளைவில் கரும்புகை.
அதற்கும் அடுத்ததில் நின்றேவிட்டது.
தேயிலைக்குள்ளிருந்து ஒரு காட்டெருமை
அசைபோடுவதை நிறுத்தாமல் எங்களைப் பார்த்தது.
சக்கரத்துக்கு அண்டை கொடுக்கக்
கல் தேடிப் போனாள் ரோஸ்லின்.

பிளக்கைக் கழற்றினால் ஒரே கரி.
பெட்ரோல் அதிகம், காற்று போதவில்லை.
இந்த உயரத்தில் காற்று எங்கே போதும்?
துறைமுகம் உள்ள ஊரில் உட்கார்ந்து
ஒருவர் அளந்த துளை இது.
கடல்மட்டத்துக்குச் சரி.

சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன்.
யாரோ ஒருவர் இதே ரோட்டில்
இதே புகையைப் பார்த்திருக்கிறார்.
ஈயம் உருக்கியிருக்கிறார். எதையோ கொண்டு குடைந்து,
மலை ஏற்றிப் பார்த்து,
மறுபடி அடைத்து, மறுபடி குடைந்து.
மெழுகைக் கடிக்கச் சொல்லிவிட்டு
நான் உயரம் பார்ப்பேனே, அப்படி.
பெயர் எங்கேயும் இல்லை.

டார்ச்சை ரோஸ்லின் பிடித்தாள். மாற்றினேன்.
கோத்தகிரி பஸ் ஸ்டாண்டு வரை
ஒரு தும்மல் கிடையாது.
என் பட்டறையில் எத்தனையோ துளை ஊசிகள்.
அந்தக் கோணல்களை நேராக்கவில்லை.

மொரிதாவுக்கு நன்றி எழுதினேன்,
வண்டி நன்றாக ஓடுகிறது என்று.
அவ்வளவுதான் எழுதினேன்.
அவருடைய நான்கும் தீப்பெட்டியில் இருக்கின்றன.

காலையில் கண்டக்டர் நஞ்சுண்டன் வந்தார்,
போன வாரம் கொடுத்த செட்டைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு.
"உங்க அளவு எல்லாம் சரிதான் சார்,
என் வாய்க்குத்தான் சேரல."
கொடுங்கள் என்றேன்.
அரத்தை எடுத்தேன்.