யானை வாய்

துலாரியில் ஆகஸ்ட் வெயில்.
பருத்தி இலை விளிம்பெல்லாம் வெண்கலம்.
"மூன்று முறை பொட்டாஷ் போட்டேன்,
ரசீது இருக்கிறது" என்கிறார் சில்வெய்ரா,
மண்ணிடம் காட்டப்போகிறவர் போல.

என் கருவி சொல்வது அறுபத்திரண்டு,
பத்து லட்சத்தில்.
அதே மண்ணை அமிலத்தில் முழுதாய்க் கரைத்தால்
பதினெட்டாயிரம்.

சியரா மலையின் காக்காப்பொன்
ஆற்றோடு வந்து, நைந்து,
ஏடு ஏடாய் வாய் பிளந்து கிடக்கிறது இங்கே.
பொட்டாசியம் அந்த வாய்க்கு அளவெடுத்ததுபோல்.
நுழைந்ததும் ஏடுகள் மூடிக்கொள்ளும்.
யானை வாய்க்குள் போன கரும்பு.

"அப்படியென்றால் இன்னும் என் நிலத்தில்தான் இருக்கிறது."
ஆமாம்.
"என் செடிக்கு இல்லை."
ஆமாம்.

தொப்பியைக் கழற்றி உள்பக்கம் பார்க்கிறார்.
"என் தம்பி பல்தசாரும் இப்படித்தான்.
நாற்பதாயிரம் டாலர். அதே தெருவில் வீடு.
கிறிஸ்துமஸுக்குக் கேக் அனுப்புவான்."

மண்ணும் அனுப்பும் என்றேன்,
வேர் புளிப்புக் கசியும் இடத்தில், துளித்துளியாய்.
காய் பிடிக்கும் பருத்திக்கு
அவ்வளவு பொறுமை கிடையாது.

வயல் முழுக்க இறைக்காமல்
வேரோரம் பட்டையாய்ப் போடச் சொல்லி எழுதிக் கொடுத்தேன்.
மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.
வாசல்வரை போனவர் திரும்பி வந்து
சோதித்து மீந்த மண்ணைக்
கேட்டு வாங்கிக்கொண்டார்.