மூணு புள்ளி மூணு

பகலில் எனக்கு நூற்றுப்பத்து கிலோவோல்ட்.
கெத்தை பவர்ஹவுஸில்
பேனல் முள் துள்ளினால் மட்டும்
நாற்காலியை விட்டு எழுவேன்.
இரவில், மஞ்சூர் குவார்ட்டர்ஸ் சமையல் மேடையில்,
மூணு புள்ளி மூணு வோல்ட்.
அதற்குத்தான் கை நடுங்குகிறது.

ஆறு கால், காலுக்கு மூன்று மோட்டார்.
கம்பளி என்று பெயர் வைத்தவள் யோகராணி.
கடையில் வாங்கிய போர்டில் அது
படுத்திருந்த வரைக்கும் புத்திசாலி.
எழு என்றால்
பதினெட்டு மோட்டாரும் ஒரே மடக்கில் கரண்டைக் குடிக்க,
மூளைக்குச் சொட்டு மிஞ்சாமல்
தொப்பென்று விழும்.
விழுந்ததையும் மறந்து
முதல் வரியிலிருந்து தொடங்கும்.

ஆகவே சொந்தமாக ஒன்று.
மோட்டாருக்குத் தனி வழி, மூளைக்குத் தனி வழி,
எர்த் மட்டும் ஒரே இடத்தில் சேரணும்,
பாகம் பிரித்த பங்காளிகள்
பொதுவில் விட்ட கிணறு மாதிரி.

முதல் பலகையில் கிணற்றை மறந்தேன்.
இரண்டாவதில் மோட்டார் வழியை நூலாய் இழுத்தேன்;
ஃபியூஸ் போலச் சிவந்து அறுந்தது.
"யார்டுல கை தண்டி பஸ்பார் போட்டுட்டு
இதுக்கு மட்டும் என்ன கஞ்சத்தனம்?"
என்றாள் யோகராணி.

மூன்றாவதை வரைந்தது ஜனவரியில்.
உறைபனியில் பெரிக் குளோரைடு
செம்பைத் தொட்டுவிட்டுத் தூங்கிவிடும்.
ஐஸ்கிரீம் டப்பாவை வெந்நீர்ச் சட்டியில் மிதக்கவிட்டு
ஆட்டிக்கொண்டே இருந்தேன்.
வெளியே கேரட் பாத்தியில் காட்டுமாடு பெருமூச்சு விட்டது.
பழுப்பு நீருக்கு அடியில் தடங்கள் துலங்கின.
மலைப்பாதை மாதிரி என்று சொல்ல வாய் வரும்.
இல்லை. மலைப்பாதை வளையும் இடத்தில் மண் சரியும்.
நான் எங்கேயும்
நாற்பத்தைந்து டிகிரிக்கு மேல் வளைக்கவில்லை.

கழுவித் துடைத்து சிப்பை வைத்தால்
கால்கள் பொருந்தவில்லை.
திருப்பி வைத்தேன். பொருந்தவில்லை.
டீயோடு வந்தவள் எட்டிப் பார்த்தாள்.
"ஏன் எழுத்தெல்லாம் கண்ணாடியில தெரியிற மாதிரி இருக்கு?"

இஸ்திரிப்பெட்டியால் தேய்த்து ஒட்டும் முன்
படத்தைப் புரட்ட மறந்திருக்கிறேன்.
இடம் வலமாய், வலம் இடமாய்,
மூன்று வாரம்.

டீயைக் குடித்தேன்.
பிறகு சிப்பை மல்லாத்தினேன்,
செத்த கரப்பான்போல் வயிறு மேலே.
நாற்பத்து நாலு கால்களையும் ஊசி முனையால்
ஒவ்வொன்றாய் எதிர்ப்பக்கம் வளைத்தேன்.
ஒன்று முறிந்தது.
அது வேலையில்லாத கால்.
அதிர்ஷ்டம் என்று நான் சொன்னால்
கூட வேலை பார்ப்பவர்கள் சிரிப்பார்கள்.

பேட்டரி கொடுத்தேன்.
முட்டி ஊன்றி, இடுப்பு தூக்கி,
எழுந்தது.
மீட்டர் மூணு புள்ளி இரண்டு ஒன்பது காட்டியது.
காட்டியபடியே இருந்தது.

வலது பக்கம் திரும்பு என்றேன்.
இடது பக்கம் திரும்பியது.
ஒரேயொரு கழித்தல் குறி போதும்.
அன்றைக்குப் போட மனசு வரவில்லை.

அப்போது கேம்ப் மொத்தமும் இருண்டது.
போன். "சார், ரெண்டாம் யூனிட் டிரிப்."
ஜெர்கின், டார்ச், ஷூவில் ஒன்று மேடைக்கு அடியில்.
"இதை அணைச்சிடவா?"
"வேணாம். நிக்கட்டும்."

முதல் கொண்டை ஊசியில் ஜீப்பைத் திருப்பும்போது
போஜன் மேலே பார்த்தான்.
இருட்டில் எங்கள் ஜன்னலில் மட்டும்
கடுகளவு பச்சை.
"வீட்ல இன்வெர்ட்டர் போட்டுட்டீங்களா சார்?"
"இல்லப்பா," என்றேன்.
"நிக்குது."